பால்டர்ஸ் கேட்: முதல் திரையிலேயே வரும் பெரிய கேள்வி

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பையன் என் லேப்டாப்பில் பால்டர்ஸ் கேட் கேமைத் திறந்துவிட்டு, அரை மணி நேரமாக ஒரே திரையில் உட்கார்ந்திருந்தான். கேம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த கிளாஸ் (நம் ஆளின் தொழில்) என்று வரிசையாகக் கேட்கும் திரை அது.

"மாமா, இதுல எதை எடுத்தா சாகாம இருக்கலாம்?" என்றான்.

இதே இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்த கேமைப் புதிதாக ஆரம்பிக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் கேமைப் பற்றி. ஒரு ஆளை நாமே உருவாக்கி, அவனாகவே கதைக்குள் போய்ச் சண்டை போடும் ரோல்-பிளேயிங் கேம் இது. கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்து 1998 டிசம்பரில் வெளிவந்தது. அப்போது ஐந்து சிடி. நான் முதன்முதலில் விளையாடியது கல்லூரி விடுதியில், நண்பனின் கம்ப்யூட்டரில். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அடுத்த சிடியைப் போடச் சொல்லும். அறையில் யாராவது ஒருவன் சிடி கவர்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். இப்போது என்னிடம் இருப்பது பீம்டாக் நிறுவனம் 2012-ல் கொண்டுவந்த என்ஹான்ஸ்டு எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு. சிடி மாற்றும் வேலையெல்லாம் இல்லை, பழைய லேப்டாப்பிலும் நன்றாக ஓடுகிறது. ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது, ஆனால் போன் திரையில் அந்த எழுத்துகளைப் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம். டேப்லெட்டாவது வேண்டும்.

சரி, கிளாஸ். கேம் நம் முன் வைப்பது ஃபைட்டர் (போர்வீரன்), ரேஞ்சர் (காட்டு வீரன்), பாலடின் (தர்மம் காக்கும் வீரன்), கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரி), ட்ரூயிட் (இயற்கையை வணங்கும் பூசாரி), மேஜ் (மந்திரவாதி), தீஃப் (திருடன்), பார்ட் (பாட்டுக்காரன்). புதிய பதிப்பில் சோர்சரர், மங்க், பார்பேரியன், ஷாமன் எல்லாம் சேர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் கீழும் கிட் என்று உட்பிரிவுகள் வேறு. எதைத் தொட்டாலும் வலது பக்கம் ஒரு நீளமான விளக்கம் வரும். எந்த ஆயுதம் பிடிக்கலாம், எந்தக் கவசம் போடலாம், எதெல்லாம் கூடாது என்று சட்டப் புத்தகம் மாதிரி இருக்கும். அந்த ஆளாக இருந்தால் நிமிஷத்துக்கு நிமிஷம் நம் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்பது அதில் இருக்காது. புதிதாக வருகிறவனுக்குத் தெரிய வேண்டியதே அதுதான். இந்த கேமில் எனக்கு உண்மையான குறை என்றால் இதைத்தான் சொல்வேன். ஒருமுறை எடுத்த கிளாஸை நடுவில் சும்மா மாற்றவும் முடியாது. இதே ஆளைத்தான் 2000-ல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் கூட்டிக்கொண்டு போகப்போகிறோம். பல மாதம் கூடவே வாழப்போகிற ஆள்.

நான் விடுதியில் முதலில் எடுத்தது மேஜ். மந்திரவாதி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? முதல் லெவலில் ஒரு மேஜுக்கு உயிர் 4 ஹிட் பாயின்ட். உடல் உறுதியைக் காட்டும் கான்ஸ்டிடியூஷனை 16-க்கு ஏற்றியிருந்ததால் இரண்டு சேர்ந்து 6. ஒரு சாதாரணக் கத்திக்குத்துக்கே 4 வரை போய்விடும். மந்திரம் ஒன்றே ஒன்று. அதைப் போட்டுவிட்டால் மறுபடி படுத்துத் தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. நான் பெயரைப் பார்த்துவிட்டு பர்னிங் ஹேண்ட்ஸ் வைத்திருந்தேன்.

கதை கேண்டில்கீப் என்ற கோட்டை நூலகத்தில் ஆரம்பிக்கும். அங்கேயே இரண்டு கூலிக் கொலைகாரர்கள் நம்மைத் தேடி வந்திருப்பார்கள். அவர்களிடம் தப்பினேன். அன்று இரவு, வளர்த்த அப்பா கோரியன் நம் கண் முன்னாலேயே கொல்லப்படுகிறார். மறுநாள் காலையில் கேண்டில்கீப்பில் கூடவே வளர்ந்த தோழி இமோயென் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறாள். இருவரும் வடக்கே நடக்கிறோம். வழியில் ஒரு ஓநாய். என் ஒரே மந்திரம் அதன் மேல் போனது. தூங்கி எழ வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் ஃப்ரெண்ட்லி ஆர்ம் இன் என்ற சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அந்தச் சத்திரத்தின் படிக்கட்டை இந்த கேம் விளையாடிய யாரும் மறக்க மாட்டார்கள். படியில் டார்னெஷ் என்று ஒருவன் நின்றுகொண்டிருப்பான். நல்ல மாதிரி பேச்சுக் கொடுத்து நீதானா என்று விசாரிப்பான். நீதான் என்று தெரிந்ததும் முதல் வேலையாகத் தன்னைப் போலவே நிழல் உருவங்களை உண்டாக்கிக்கொள்வான். எது அவன், எது நிழல் என்று தெரியாது. அடுத்து பயமூட்டும் மந்திரம். நம் ஆட்கள் நம் கட்டுப்பாட்டை விட்டு முற்றத்தில் அங்குமிங்கும் ஓடுவார்கள். அப்புறம் மேஜிக் மிசைல். அது குறி தப்பாது. என்னிடம் இருந்த 6 பாயின்டில் என்ன மிஞ்சும்?

இங்கேதான் இந்த கேமின் முக்கியமான விதி ஒன்றைக் கற்றுக்கொண்டேன். கூட வருகிறவர்கள் செத்தால் கோயிலில் காசு கொடுத்து எழுப்பலாம். நாம் உருவாக்கிய ஆள் செத்தால் கேம் அதோடு முடிந்தது, பழைய சேவிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். ஆறு பேர் போகலாம், அதில் ஒருவர் மட்டும் சாகவே கூடாது. அந்த ஒருவருக்குத்தான் நாம் கிளாஸ் தேர்ந்தெடுக்கிறோம். இதைத் தெரிந்துகொண்டு அந்தத் திரையைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது தடவை ஃபைட்டர். கான்ஸ்டிடியூஷன் 18 வைத்தால் முதல் லெவலிலேயே 14 பாயின்ட். போர்வீரர் வகைக்கு மட்டும் ஸ்ட்ரெங்த் (வலிமை) 18-க்குப் பக்கத்தில் இன்னொரு எண் விழும், 18/01-லிருந்து 18/00 வரை. அந்த 00 நூறு என்று அர்த்தம், அதுதான் உச்சம். லாங்போ என்ற நீண்ட வில் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் ஆரம்பப் பகுதிகளில் ஃபைட்டருக்கு நிகர் யாரும் இல்லை. எதிரி பக்கத்தில் வருவதற்குள் கதை முடிந்துவிடும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இந்த ஊரே இரும்புத் தட்டுப்பாட்டில் இருக்கிறது, கிடைக்கிற இரும்பும் கெட்டுப்போன இரும்பு. சண்டை நடுவில் வாள் சட்டென்று முறிந்துவிடும். மாற்று வாள் ஒன்று இடுப்பில் இருந்தே ஆக வேண்டும். மந்திர ஆயுதம் கிடைத்த பிறகு அந்தக் கவலை இல்லை.

ஃபைட்டர் நம்பகமானவர். முதல் தடவை விளையாடுகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய கிளாஸ். ஆனால் கொஞ்ச நாளில், நம் கதாநாயகனை ஒரு எதிரியைக் காட்டி விட்டுவிட்டு, மற்ற ஐந்து பேரின் மந்திரங்களையும் தந்திரங்களையும்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு அது போதவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலடின் மனிதர்களுக்கு மட்டும்தான், கரிஸ்மா (வசீகரம்) குறைந்தது 17 வேண்டும். ஊரில் பெயர் கெட்டால் பாலடின் என்ற தகுதியே போய்விடும். நல்லவராகவே விளையாடப்போகிறவர்களுக்கு அருமையான கிளாஸ். ரேஞ்சருக்கும் அந்த நிபந்தனை உண்டு. தீஃப் அவசியமான ஆள், பொறிகளைக் கண்டுபிடிக்கவும் பூட்டைத் திறக்கவும் ஒருவர் வேண்டும். ஆனால் இமோயென் முதல் நாளே வந்துவிடுகிறாளே! நாமும் அதே வேலையைச் செய்ய வேண்டியதில்லை. சோர்சரர் மந்திரங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதால் எளிது போலத் தெரியும். ஆனால் தெரிந்துகொள்ளும் மந்திரங்கள் கொஞ்சம்தான், ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்றவும் முடியாது. எது பயன்படும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது. வெறுங்கையால் சண்டை போடும் துறவியான மங்க் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தால் ராசாத் என்பவரை நாஷ்கெல் ஊரில் சேர்த்துக்கொள்ளலாம், நாம் மங்க் ஆக வேண்டாம்.

இதுதான் நான் கண்டுகொண்ட வழி. பழைய கேமிலேயே கூட்டாளிகள் 25 பேர். எந்த வேலைக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார், எதற்குத் தாமதமாகும் என்று பார்த்து, அந்தக் காலி இடத்தில் நாம் நிற்க வேண்டும். வாள் பிடிக்க காலித் அந்தச் சத்திரத்துக்குள்ளேயே இருக்கிறார். வழியில் சந்திக்கிற ஸார் (Xzar) என்ற மந்திரவாதியைச் சேர்த்துக்கொண்டால் மந்திரத்துக்கும் ஆள் உண்டு. முழு கிளெரிக் மட்டும் ஆரம்பத்தில் இல்லை. காலித்தின் மனைவி ஜஹைரா ட்ரூயிட் என்பதால் கொஞ்சம் காயம் ஆற்றுவாள், அவ்வளவுதான். பிரான்வென் என்ற கிளெரிக் நாஷ்கெல் பக்கத்துத் திருவிழாத் திடலில் கல்லாக நிற்கிறாள். கல்லை உயிராக்கும் சுருள் கையில் இருந்தால்தான் எழுப்ப முடியும். அதுவரை அடிபட்டால் மருந்து, இல்லாவிட்டால் நாள்கணக்கில் தூக்கம்.

அதனால் மூன்றாவது தடவை கிளெரிக் பக்கம் போனேன். வெறும் கிளெரிக்காக எடுக்கவில்லை. குள்ளர்களான ட்வார்ஃப் இனம், ஃபைட்டரும் கிளெரிக்கும் சேர்ந்த மல்டி கிளாஸ். எனக்கு வேலை பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது, அதனால் இதையும் கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன். மல்டி கிளாஸில் கிடைக்கும் அனுபவப் புள்ளி இரண்டு பக்கத்துக்கும் சரிபாதியாகப் பிரியும். பாதியாகிவிட்டால் பாதி பலம்தானே என்று பயப்படுவார்கள். இந்த கேமில் ஒருவர் சேர்க்கக்கூடிய உச்சம் 1,61,000 புள்ளி. தனி ஃபைட்டர் அதை வைத்து 8-ஆம் லெவல்தான் போவார், ஏனென்றால் 9-க்கு 2,50,000 வேண்டும். தனி கிளெரிக்கும் 8 தான். நம் ஆளுக்குப் பக்கத்துக்கு 80,500 வருகிறது. ஃபைட்டர் 7-க்கு 64,000 போதும், கிளெரிக் 7-க்கு 55,000 போதும். அதாவது இரண்டிலும் 7. ஒரே ஒரு லெவலை விட்டுக்கொடுத்தால் இரண்டு ஆளின் வேலை கிடைக்கிறது. இதை நோட்டில் எழுதிப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

விஸ்டம் (ஞானம்) 18 இருந்தால் கிளெரிக்குக் கூடுதல் மந்திரங்கள் உண்டு, முதல் லெவலிலேயே ஒன்றுக்குப் பதில் மூன்று. வெட்டும் ஆயுதங்கள் மட்டும் கூடாது. கதாயுதம், சுத்தியல், கவண் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான கவசம் போட்டுக்கொண்டே மந்திரம் போடலாம். ட்வார்ஃபாக இருப்பதால் எதிரியின் மந்திரங்களைத் தாங்கும் சக்தியும் மனிதர்களைவிட அதிகம்.

அந்த ஆளோடு அதே படிக்கட்டுக்குப் போனேன். மூன்று மந்திரத்தில் ஒன்று கமாண்ட். ஒற்றை வார்த்தைதான், போடவும் நேரம் பிடிக்காது. எதிரி அப்படியே சரிந்து கொஞ்ச நேரம் கிடப்பான். டார்னெஷ் பேசி முடித்துக் கையைத் தூக்குவதற்குள் அதைப் போட்டேன். விழுந்தான். விழுந்து கிடக்கிறவனை அடித்தால் அடி தப்பாது. அவன் எழுந்திருக்கவே இல்லை. விடுதி அறையில் ஆறேழு தடவை என்னைக் கொன்றவன் அவன்!

பகடை பற்றியும் ஒரு வார்த்தை. குணங்களுக்கான எண்களை கேம் பகடை உருட்டித் தரும். பிடிக்காவிட்டால் ரீரோல், பிடித்தால் ஸ்டோர். இந்தப் பதிப்பில் மொத்தக் கூட்டல் கீழேயே தெரிகிறது. நல்ல எண் கண்ணில் பட்டதும் முதலில் ஸ்டோரை அழுத்திவிடுங்கள். அக்கா பையனுக்கு 91 விழுந்தது. கை வேகத்தில் ரீரோலை அழுத்திவிட்டான், 77 ஆகிவிட்டது. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. 85-க்கு மேல் வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எண்களைப் பிறகு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கவனம்: உடல் காக்கும் ஆர்மர் கிளாஸும், அடி படுமா என்று காட்டும் தாக்கோவும் குறையக் குறைய நல்லது. எண் ஏறினால் நல்லது என்று பழகியவர்களை இது முதல் வாரம் குழப்பும். கேண்டில்கீப்பில் பச்சை அங்கி போட்டவர்கள் ஆங்காங்கே நிற்பார்கள், ஒவ்வொருவரிடமும் பேசுங்கள், பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். கேமில் தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் படிக்க நிறைய இருக்கிறது. சண்டை ரொம்பக் கடினம் என்று தோன்றினால் ஸ்டோரி மோடு உண்டு, அதில் நம் ஆட்கள் சாக மாட்டார்கள். கதைக்காக விளையாடுகிறவர்களுக்கு அது நல்ல வசதி. நான் மட்டும் அதைத் தொட மாட்டேன். அந்தப் படிக்கட்டில் பயம் இல்லாவிட்டால் எனக்கு இந்த கேம் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா பையன் மேஜ்தான் எடுத்தான்.

"சாவான்டா," என்றேன்.

"பரவால்ல மாமா. எனக்கு மந்திரம்தான் வேணும்."

ஒன்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். ஸ்லீப் வை, பெயரைப் பார்த்துச் சாதாரணம் என்று நினைக்காதே, ஆரம்பத்தில் ஒரு கூட்டத்தையே படுக்க வைத்துவிடும், தூங்குகிறவர்களை அடித்தால் ஒரு அடியும் வீணாகாது என்று. படிக்கட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவன் சேவ் செய்துகொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் படுத்து எழுந்து, நிதானமாகத்தான் போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சத்திரத்து வாசலுக்கு வருவதற்கு முன்பு இமோயெனின் பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் படித்தான். அதில் மேஜிக் மிசைல் ஏவும் கோல் ஒன்று இருக்கிறது. நான் அத்தனை தடவை செத்தபோதும் அது அவள் பையில்தான் இருந்திருக்கிறது. நான் திறந்து பார்த்ததே இல்லை. அவன் அதைத் தன் ஆளின் கைக்கு மாற்றிக்கொண்டு படியேறினான். டார்னெஷ் பேசினான், மந்திரத்தைத் தொடங்கினான். பையன் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி, கோலை அவன் மேல் காட்டி, மறுபடி தட்டினான். மந்திரம் பாதியில் அறுந்தது. இமோயெனின் அம்பு ஒன்று, மறுபடி கோல், மறுபடி அம்பு.

"இவன்தானா மாமா அந்த ஆளு?" என்று கேட்டுக்கொண்டே டார்னெஷின் பையிலிருந்த சுருள்களை எடுத்துத் தன் மந்திரப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தான்.