உச்சிப்புளித் தோப்பு வீட்டில் நீச்சல் குளம்: ஊர்ப் பயணத்தில் விசாரித்தவை

மலேசியாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தபோது, உச்சிப்புளி அருகே உள்ள எங்கள் தோப்பு வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் அமைப்பதற்காக மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒப்பந்தக்காரர்களை வரவழைத்துப் பேசினேன். பெரும்பாலோர் டைல்ஸ், விளக்கு, செயற்கை அருவி என்று படங்களைக் காட்டினார்களே தவிர, நிலத்தடி நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்கவில்லை. நம் கடற்கரை மணலில் குளத்தின் வகையைத் தீர்மானிப்பதே அதுதான்.

அதைக் கேட்டவர் ராமநாதபுரத்து மேஸ்திரி ஒருவர் மட்டுமே. அவர் நேராக உறைகிணற்றுக்குச் சென்று, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளந்தார், பிறகு உறையின் உட்புறத்தில் பாசி கறுத்திருந்த கோட்டைக் காட்டி, "கார்த்திகையில தண்ணி இதுவரைக்கும் ஏறும் சார். மூணடிக்குக் கீழ போனா, காலியா இருக்கும்போது குளத்தையே தூக்கிரும்" என்றார். அது மிகையான பேச்சு அன்று. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட குளத்தின் அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் 60 செ.மீ. ஏறி நின்றால், மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 19 டன். குளம் நிறைந்திருக்கும்வரை உள்ளிருக்கும் நீரின் எடை அதைத் தாங்கிக்கொள்ளும். மழைக்காலத்தில் சுத்தம் செய்யவென்று வற்றவைத்தால்தான் ஆபத்து.

ஃபைபர் கிளாஸ் தொட்டி துருப்பிடிக்காது, விரைவில் பதித்தும் விடலாம். ஆனால் இலேசானது என்பதால் முதலில் மிதக்கக் கிளம்புவது அதுவே. மேலும், முழுத் தொட்டியாக வரும் லாரி எங்கள் தோப்புப் பாதையில் திரும்ப வழியில்லை. வினைல் விரிப்புக் குளத்துக்குச் செலவு குறைவு என்றாலும், பின்புறம் ஊற்று நீர் புகுந்தால் விரிப்பு உப்பிக்கொள்ளும்.

எஞ்சியது கான்கிரீட். அதற்குப் பகை உப்பு: உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அரிக்கும் தன்மையுள்ள நிலத்தடி நீரைத் தொடும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்35 என்னும் வலிமைத் தரக் கலவையும், கம்பியை மூடி 50 மி.மீ. கான்கிரீட்டும் (கவர்) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான கலவை நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. எங்கள் கிணற்று நீர் பரிசோதனையில் அவ்வரம்பைத் தாண்டியிருந்தது. போர் தண்ணீரிலேயே கலக்கலாம் என்ற ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு மிகக் குறைவாக இருந்தும், அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

மேஸ்திரி சொன்னபடி, தரைக்குக் கீழே இரண்டரை அடியும் மேலே இரண்டடியுமாகக் கான்கிரீட் குளம், அடியில் ஜல்லிப் படுகை, ஓரத்தில் நீர்மட்டத்தைப் பார்க்கவும் இறைக்கவும் ஒரு சம்ப் என்று முடிவு செய்திருக்கிறேன். சராசரி 1.2 மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 38,000 லிட்டர் வேண்டும். குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊரில், காவிரிக் குடிநீரை அதற்குத் திருப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. 100 சதுர மீட்டர் மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால், கழிவு போக, 10,000 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். ஆகவே நீர்மட்டம் இறங்கியிருக்கும் சித்திரை, வைகாசியில் கட்டி, ஐப்பசி மழையில் நிரப்பி, வெயில் குடிக்காமல் மூடிவைக்க ஏற்பாடு. இடம் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஓதம் ஏறும் எல்லையிலிருந்து) 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி அனுமதி தேவையா என்பதை அச்சாரம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.