ஒரு டெக், மூன்று விலை

நியூ ஜெர்சி எடிசனில் நாங்கள் 2021-இல் வாங்கிய வீட்டின் பின்பக்கம் 16-க்கு 20 அடியில் ஒரு மர டெக், அதாவது கூரையில்லாத பலகைத் தளம், இருக்கிறது. 2009-இல் கட்டியது. விற்றவர், விளம்பரத்துக்கு வீட்டைப் படம் எடுக்கும் முன்பு அதற்கு அடர்பழுப்பில் ஒரு பூச்சு அடித்துவிட்டிருந்தார். பார்க்கப் புத்தம்புதுசு. இரண்டாவது பனிக்காலம் முடிந்து மார்ச்சில் கதவைத் திறந்தால், பனி தள்ளும் ஷவல் போன வழியெல்லாம் பழுப்புத் தோல் உரிந்து சாம்பல் மரம் தெரிந்தது. சமையலறைத் தரையில் தினமும் கூட்டி அள்ளிய சில்லுகள் எங்கிருந்து வருகின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டேன். 650 டாலர், 1,600 டாலர், 2,750 டாலர். மூன்றாவது ஆள் வாசலில் நின்ற காரைப் பார்த்து விலை சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வாரம் மூவரையும் குடைந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் விலை சொன்னது மூன்று வேறு வேறு வேலைகளுக்கு என்று.

650 டாலர்க்காரர் நம் ஊர்க்காரர். வாட்ஸ்அப் குழுவில் கிடைத்த எண். "ஒரே நாள் வேலைண்ணா. காலையில பிரஷர் வாஷர் போட்டு அடிச்சுட்டு, மத்தியானம் சீலர் போட்டுடலாம். சாயங்காலம் நீங்க சேர் போட்டு உக்காரலாம்" என்றார். பேச்சு இனித்தது. ஆனால் காலையில் தண்ணீரால் அடித்த பலகை மத்தியானம் மேலே காய்ந்த மாதிரி தெரியுமே தவிர உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும் மரம் சீலரை எப்படிக் குடிக்கும்? நல்ல வெயிலிலேயே இரண்டு நாள் இடைவெளி வேண்டும். இன்னொரு சிக்கல், அவர் பூசப்போவது நிறமில்லாத சீலர். அது தண்ணீரைத் தடுக்கும், வெயிலை அவ்வளவாகத் தடுக்காது. மரத்தைச் சாம்பலாக்குவது வெயிலின் புற ஊதாக் கதிர். அதை மறிப்பது ஸ்டெயின் என்கிற நிறப்பூச்சில் இருக்கும் நிறமித் துகள். நிறமில்லாப் பூச்சு ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. அதுவும் என் டெக்கில், உரிந்தும் உரியாமலும் இருக்கும் பழைய தோலுக்கு மேல் சீலர் போட்டால் எதற்குள் இறங்கும்? அவரைக் குறை சொல்லவில்லை. பூச்சே காணாத வெறும் மரம், நான்கு படிக்கட்டு, கழுவிக் காயவிட இரண்டு நாள் பொறுமை இருந்தால் அவரையே கூப்பிடலாம்.

1,600 டாலர் கேட்டது ஒரு பெயின்டிங் கம்பெனி. காகிதம் எல்லாம் கச்சிதம். முதல் நாள் கழுவிச் சுரண்டுவது, ஒரு நாள் விட்டு சாலிட் ஸ்டெயின் ஸ்ப்ரே செய்வது. சாலிட் ஸ்டெயின் என்பது பெயருக்குத்தான் ஸ்டெயின், நடத்தையில் பெயின்ட். மரத்தின் வரி தெரியாமல் மேலே ஒரு படலமாக உட்கார்ந்துவிடும். நின்ற வாக்கில் இருக்கும் மரத்துக்கு அது அருமையான பூச்சு. மழை வழிந்து ஓடிவிடும், யாரும் மிதிக்கப்போவதில்லை. படுத்த பலகையின் கதை வேறு. தண்ணீர் தேங்கும், பனி மாதக்கணக்கில் உட்காரும், ஷவல் சுரண்டும், பலகையின் அடிப்பக்கத்திலும் வெட்டு முனையிலும் ஏறிய ஈரம் வெளியே வரப் பார்த்து மேலே இருக்கும் படலத்தைத் தூக்கிவிடும். ஒருமுறை உரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும். முழுக்கச் சுரண்டத்தான் வேண்டும்.

விலை சொல்ல வந்தவர், "ஐந்து வருஷம் வரும்" என்றார். "ரெய்லிங்குக்கா, தரைக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் நிறுத்தி, "ரெய்லிங்குக்கு" என்றார். தரைக்கு எத்தனை வருஷம் என்பதற்கு நேரான பதில் வரவில்லை. இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டுப் பாருங்கள், டெக் வேலை தெரிந்தவரா, சுவர் வேலை தெரிந்தவரா என்று விளங்கிவிடும். ஸ்ப்ரே செய்வதில் தப்பில்லை, ஆனால் பின்னாலேயே ஒருவர் பிரஷ்ஷோடு வந்து அதை மரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். அவர்கள் கணக்கில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. காற்றடித்தால் வீட்டின் வினைல் சுவரிலும் பழுப்புப் புள்ளி விழும், அது தனித் தலைவலி.

மூன்றாமவர் டெக் மட்டுமே செய்பவர். வந்தவர் என்னிடம் பேசுவதற்கு முன்பு டெக்கிடம் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு ஊசி வைத்த ஈரமானியை நான்கைந்து இடத்தில் குத்தினார். மழை பெய்து மூன்று நாள் ஆகியும் நிழல் மூலையில் 19 சதவீதம் காட்டியது. 15-க்குக் கீழே வராமல் டப்பாவையே திறக்கமாட்டேன் என்றார். மண்டியிட்டு ரெய்லிங் அடியில் பார்த்து, விரல் நுழையும் அளவுக்கு உருண்டையாக இரண்டு துளைகளைக் காட்டினார். தச்சு வண்டின் வேலை. அப்புறம் ரெய்லிங்கின் நிற்கும் சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். 112. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம். மற்ற இருவரும் சதுர அடிக் கணக்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள். உண்மையில் ஆள்கூலியைத் தின்பது இந்தச் சட்டங்கள்தான்.

அவர் திட்டம் பத்து நாளில் பரவிய நான்கு நாள் வேலை. தரையில் பழைய படலத்தை ஸ்ட்ரிப்பர் போட்டுக் கரைத்து எடுப்பது. அது காரம் என்பதால் மரம் கறுத்துப்போகும், அதற்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பிரைட்னர். பிரஷர் வாஷரை அலசுவதற்கு மட்டும், அழுத்தத்தைக் குறைத்து வைத்து. பைன் மாதிரி மென்மரத்தில் அழுத்தம் கூடினால் நார் நாராகப் பிய்ந்துவிடும். நாலைந்து நாள் காயவிடுவது. பிறகு 60, 80 நம்பர் உப்புத்தாளில் தேய்ப்பு. அதைவிட நைசாகத் தேய்த்தால் மரத்தின் துவாரங்கள் அடைபட்டு எண்ணெய் இறங்காதாம். கதவு, நாற்காலிக்கு நாம் செய்வதற்கு நேர்மாறு. கடைசியில் மரத்துக்குள் இறங்கி, வரியை மறைக்காத செமி ட்ரான்ஸ்பரன்ட் எண்ணெய் ஸ்டெயின், பிரஷ்ஷால்.

ரெய்லிங்கையும் சுரண்டி எண்ணெய்க்கு மாற்றலாமா என்று கேட்டேன். "அதற்கு இன்னும் 1,500 வாங்கிக்கொள்வேன், ஆனால் வேண்டாம். அது உரியவே இல்லையே. அதே சாலிட்டில் ஒரு கை போடுவோம்" என்றார். வரவேண்டிய காசை வேண்டாம் என்று சொன்னவரிடம் மற்றக் காசைக் கொடுக்க எனக்குத் தயக்கம் போய்விட்டது.

இதில் எனக்கு உறைத்தது இன்னொன்று. நம் ஊரில் மரத்தை இப்படி வெட்டவெளியில் படுக்கப்போடுவது அபூர்வம். செட்டிநாட்டு வீட்டுத் தூணும் ஊஞ்சல் பலகையும் கூரைக்கு அடியில் இருப்பவை. தேக்குக்கு வார்னிஷ் அடித்தால் பத்து வருஷம் பளபளக்கும். அந்த ஞாபகத்தோடு இங்கே வந்து, பளபளப்பும் அடர்நிறமும்தான் நல்ல வேலை என்று நினைத்துவிடுகிறோம். வெயில், மழை, பனி மூன்றும் மாறிமாறி அடிக்கும் பலகைக்குப் படலம் பகை. எண்ணெய் பூசிய தரை இரண்டு மூன்று வருஷத்தில் வெளுக்கும், ஆனால் உரியாது. கழுவிவிட்டு மேலேயே இன்னொரு கை பூசலாம். இந்த வித்தியாசம்தான் என்னை 2,750-க்குத் தள்ளியது. சாலிட் போட்டால் ஒவ்வொரு முறையும் சுரண்டல் செலவு சேரும். இதில் சுரண்டல் ஒரே முறை.

பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு தன் டெக்குக்கும் அதே வைத்தியம் வேண்டும் என்றார். அவர் வீடு 1996-இல் கட்டியது, டெக்கும் அப்போதையது. அங்கே விஷயமே வேறு. 2003 கடைசி வரை அமெரிக்க வீடுகளின் டெக் மரத்தில் மக்காமல் இருக்கப் பெரும்பாலும் ஏற்றியது குரோமியம், செம்பு, ஆர்சனிக் சேர்ந்த மருந்து. பின்னால் வந்தவற்றில் ஆர்சனிக் இல்லை, செம்புதான் முக்கியம். பழைய மரத்தை உப்புத்தாளில் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், தோட்டத்து மண்ணில் விழும். ஸ்ட்ரிப்பர், பிரைட்னர் போன்ற ரசாயனங்களும் அதிலிருந்து நச்சை வெளியேற்றலாம் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே எச்சரித்திருக்கிறது. உரியும் படலத்தை விட, மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ப் பூச்சை அடிக்கடி போடுவதே அதற்கு நல்லது. எனவே டெக் எந்த வருஷத்தது என்று கேட்காமலேயே சாண்டரை, அதாவது தேய்க்கும் இயந்திரத்தை, எடுக்கிறவரை அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டில் மூன்றாமவர் சோப்பு நீரும் மென்மையான பிரஷ்ஷுமாகக் கழுவி, காயவைத்து, எண்ணெய் மட்டும் பூசினார்.

காகித விஷயம் சுருக்கமாக: நியூ ஜெர்சியில் 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டு வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். கான்ட்ராக்டரின் மாநிலப் பதிவு எண் அதில் இருக்க வேண்டும், 13விஎச் என்று ஆரம்பிக்கும். கையெழுத்திட்ட பிரதி கைக்கு வந்து மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். 650 டாலர் வேலைக்கும் இது உண்டு. நம் ஊர்க்காரரிடம் கேட்டபோது, "நமக்குள்ள எதுக்குண்ணா அதெல்லாம்" என்றார். ஒப்பந்தத்தில் எந்த ஸ்டெயின், எத்தனை கை, ஈரம் எவ்வளவு இருந்தால் தொடங்குவது, மழை வந்தால் என்ன என்பது வரை எழுதி வாங்கினேன்.

மே மாதம் வேண்டாம் என்று அவரே சொன்னார். மகரந்தம் மஞ்சள் மாவாகக் கொட்டும், ஈர எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். செப்டம்பரில் வந்தார். காலைப் பனித்துளி காய்ந்து பத்து மணிக்கு மேல்தான் பிரஷ் எடுத்தார், வெயில் நேரே விழும் பலகையை விட்டுவிட்டு வீட்டு நிழல் நகர நகர அதன் பின்னாலேயே போனார். சூடான பலகையில் எண்ணெய் சட்டென்று காய்ந்து கோடு விழுமாம். ஒவ்வொரு பலகையையும் முனையிலிருந்து முனைவரை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. முதல் நாள் முடிவில் ஒரு வாளி தண்ணீர் கேட்டார். கால் கழுவ என்று நினைத்தேன். எண்ணெய் துடைத்த துணிகளை அதில் முக்கினார். சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்றார். என் கராஜில் அப்படி எத்தனை துணி சுருண்டு கிடக்கிறது என்று அன்று இரவு போய்ப் பார்த்தேன்.

நாமே செய்தால் என்ன என்று கேட்பீர்கள். 112 சட்டமும் உரிந்த தரையும் இருக்கும்போது என் பதில் வேண்டாம். ஸ்ட்ரிப்பர் கையை அரிக்கும், செடியைக் கொல்லும். ஓரத்து ரோஜாவை முதலில் தண்ணீரால் நனைத்து, பிளாஸ்டிக்கால் மூடி, பிறகும் நனைத்து என்று அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். அடுத்த கை வேறு விஷயம்.

இந்த ஏப்ரலில், பூசிய பிறகு இரண்டாவது குளிர்காலம் முடிந்து, ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் அங்கங்கே தெளித்தேன். நடுவில் முத்து முத்தாக நின்றது. தெற்குப் பார்த்த படிக்கட்டில் மட்டும் அரை நிமிஷத்தில் உள்ளே இறங்கிக் கறுத்தது. படிக்கட்டுக்கு ஒரு காலன் போதும். அதை நானே வாங்கி வைத்திருக்கிறேன், மகரந்தம் அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.