மதுரை டு பெருங்காமநல்லூர்: ஒரு நாள் வரலாற்றுச் சுற்றுலா எப்படி இருக்கிறது?

மதுரையில் ஒரு சிறு குழு நடத்தும் சுற்றுலா இது. சில சாதிகளையே குற்றவாளிகளாகப் பதிந்து கண்காணித்த வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்களை 1920-ல் போலீஸ் சுட்ட ஊர்தான் பெருங்காமநல்லூர். காலையில் வேனில் கிளம்பி, உசிலம்பட்டி வழியாகச் சேடபட்டி பக்கம் இருக்கும் பெருங்காமநல்லூருக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பலாம். நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஊருக்குள் நடத்திக் கொடுத்தவர்களில் ஊர் நிர்வாகத்தைப் பார்த்த கிராம முன்சீப்பும் ஒருவர். 1980-ல் அந்தப் பதவியை ஒழித்த பிறகு வந்ததுதான் எங்கள் வேலை. அதனால் கொஞ்சம் உன்னிப்பாகவே கேட்டேன்.

வழிகாட்டித் தம்பி நேரே துப்பாக்கிச் சூட்டுக்குப் போகாமல் ஊர்க்காவலில் இருந்து ஆரம்பித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. போலீஸ் ஸ்டேஷன்கள் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்குக் காவல் பார்த்தவர்கள் பிறமலைக் கள்ளர் என்ற சாதியார். மாடு களவு போனால் பறிகொடுத்தவர்கள் துப்புக்கூலி (துப்புச் சொல்வதற்கான பணம்) கொடுத்து மீட்பார்கள். காவல்காரர்களே களவுக்கு உடந்தை என்ற புகார் இருந்ததையும், 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் ஊரார் பண்டு (பொதுப் பணம்) சேர்த்து அவர்களை விலக்கியதையும் அவர் மறைக்கவில்லை. இப்படிச் சொன்னால்தான் அடுத்து வந்த அநியாயத்தின் அளவு புரியும். சிலர் செய்த களவுக்கு ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளியாக்கியது சர்க்கார்.

1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பதிவானவர்கள் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டின் மாதிரி ஒன்றை வேனில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பெயர், போகிற ஊர், திரும்ப வேண்டிய நாள், கீழே கையெழுத்து. துக்க வீட்டுக்குப் போவதற்கும் இதற்காக முன்சீப் வாசலில் போய் நிற்க வேண்டும். எத்தனையோ சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைக்க மனசு வரவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று கைரேகை எடுக்க வந்த போலீஸை ஊர் மறித்தது. சுட்டதில் 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திக் கொண்டுபோனார்கள்.

இனி குறைகள். நினைவிடத்தில் ஒதுக்கிய நேரம் போதவே போதாது. சாப்பாட்டுக்கு நின்ற நேரம் அதைவிட அதிகம். சட்டம் 1952-ல் போனது என்றார்கள். அது நாடு முழுவதற்குமான கணக்கு, சென்னை மாகாணத்தில் 1947-லேயே ரத்து. அடுத்த வருஷமே 'வழக்கமான குற்றவாளிகள்' என்று இன்னொரு சட்டம் வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கள்ளர்களுக்காக வாதாடிய வக்கீல் ஜார்ஜ் ஜோசப்பை, ஜனங்கள் ரோசாப்பூ துரை என்று கொண்டாடியவரை, விட்டுவிட்டார்கள். வழியில், கள்ளர் பிள்ளைகளுக்காக அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஒன்றையாவது காட்டியிருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஏப்ரல் 3 அன்று அஞ்சலி செலுத்த நிறையப் பேர் வருவார்கள். நின்று நிதானமாகக் கேட்க வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள்.