ஆறு ஜெயிச்சா உள்ள: ஹைஸ்கூல் ஃபுட்பால் ப்ளேஆஃப் முறை எது மாறணும், எப்படி மாறணும்

அமெரிக்காவுல இல்லினாய் ஸ்டேட்ல ஹைஸ்கூல் ஃபுட்பால் (சாக்கர் இல்ல, பந்தைக் கையில பிடிச்சு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்) பாக்குற வீடுகள்ல எல்லாருக்கும் ஒரு கணக்கு மனப்பாடம். ரெகுலர் சீசன் ஒன்பது மேட்ச், அதுல ஆறு ஜெயிச்சா ப்ளேஆஃப், அதாவது சீசன் கடைசில நடக்குற நாக்அவுட் சுற்று, உறுதி, அஞ்சுன்னா நாம ஆடின டீமெல்லாம் மொத்தம் எத்தன ஜெயிச்சாங்கன்னு கூட்டிப் பாத்து இடம் இருந்தா உள்ள, நாலுன்னா பெரும்பாலும் சீசன் முடிஞ்சுது. ஸ்கூல் சைஸை வச்சு எட்டு கிளாஸ், கிளாஸுக்கு 32 டீம், ஆக 256ன்னு பல வருஷம் ஓடின முறை இது. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஜெயிச்சவன் உள்ள வரான், இதுல என்ன தப்புன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன்.

தப்பு ப்ளேஆஃப்ல இல்ல, ஷெட்யூல்ல இருக்கு. கோச் இடத்துல உக்காந்து பாருங்க. கான்ஃபரன்ஸ்ங்கிறது ஸ்கூலுங்க தாங்களே சேர்ந்து வச்சிருக்குற குழு, அதுக்குள்ள ஆடுற மேட்ச் போக மிச்சம் இருக்குற ஒண்ணு ரெண்டு வாரம் யார்கூட ஆடுறதுன்னு முடிவு பண்ணணும். பலமான டீம்கூட ஆடி மூணு பாயிண்ட்ல தோத்தாலும் அது தோல்விதான், சோப்ளாங்கி டீமை 50 பாயிண்ட்ல அடிச்சாலும் அது ஆறுல ஒண்ணுதான். அப்போ எவன் பலமான டீமுக்கு போன் பண்ணுவான்? அதனாலதான் நல்லா ஆடுற ஸ்கூலுக்கு உள்ளூர்ல ஆளே கிடைக்காம வேற ஸ்டேட்டுக்கு பஸ் ஏறுறாங்க, கான்ஃபரன்ஸ்ல வருஷா வருஷம் அடி வாங்குற ஸ்கூல் இன்னொரு ஈஸியான கான்ஃபரன்ஸுக்குத் தாவுது, அது தாவினதும் பழைய இடத்துல இருக்குறவங்க எல்லாருக்கும் ஒரு வாரம் காலியாகுது, அவங்களும் தேட ஆரம்பிக்கிறாங்க.

இதுக்கு மருந்தா வந்ததுதான் டிஸ்ட்ரிக்ட் திட்டம். ஒவ்வொரு கிளாஸையும் பக்கத்து பக்கத்து ஸ்கூலா எட்டு டிஸ்ட்ரிக்ட்டா பிரிக்கிறது, டிஸ்ட்ரிக்ட்ல முதல் நாலு டீம் ப்ளேஆஃப், டிஸ்ட்ரிக்ட்டுக்குள்ள ஆடுற மேட்ச் ஷெட்யூலை ஸ்டேட்டோட ஹைஸ்கூல் விளையாட்டு அமைப்பான ஐஎச்எஸ்ஏவே போட்டுக் குடுத்துடும். 2018ல ஸ்கூலுங்க ஓட்டு போட்டு மயிரிழைல பாஸ் பண்ணாங்க, 2021ல ஆரம்பிக்கணும்னு பேச்சு. அடுத்த வருஷமே, 2019ல, திரும்ப ஓட்டு போட்டு அதையே ரத்து பண்ணிட்டாங்க. பல தலைமுறையா ஆடுற பக்கத்து ஊர் மேட்ச் போயிடும், கான்ஃபரன்ஸ் செதறிடும்னு பயம். அந்த பயத்தை நான் குறைச்சு சொல்ல மாட்டேன், சின்ன ஊர்ல அந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிக்குத்தான் மொத்த ஊரும் ஒண்ணா சேருது.

டிஸ்ட்ரிக்ட் முறை முழுசா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா டெக்சாஸ். அங்க ஹைஸ்கூல் விளையாட்டை நடத்துற அமைப்பு யூஐஎல், அது ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்டூடண்ட் எண்ணிக்கைய வச்சு பிரிச்சு, பிப்ரவரில லிஸ்ட் விடும், அன்னைக்கே கோச்சுங்க எல்லாம் நான்-டிஸ்ட்ரிக்ட் மேட்ச், அதாவது தன் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வெளிய ஆடுற மேட்ச், பிடிக்க ஓடுவாங்க. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், சீசன் ஆரம்பத்துல ஆடுற அந்த நான்-டிஸ்ட்ரிக்ட் மேட்ச் ப்ளேஆஃப் கணக்குலயே வராது. தோத்தா ஒண்ணும் போகாது, அதனால பெரிய டீமும் பெரிய டீமும் முதல் வாரமே மோதுறாங்க, பசங்களுக்கும் அதுதான் வேணும். ஆனா டிஸ்ட்ரிக்ட் சரியா அமையலன்னா பாவம். ஒரு டிஸ்ட்ரிக்ட்ல அஞ்சாவதா வர்ற நல்ல டீம் வெளிய நிக்கும், பக்கத்து டிஸ்ட்ரிக்ட்ல ரெண்டு மூணே ஜெயிச்ச டீம் நாலாவதா உள்ள போகும். வெஸ்ட் டெக்சாஸ்ல டிஸ்ட்ரிக்ட் மேட்சுக்கே ரெண்டு மணி நேரத்துக்கு மேல பஸ்ல போறவங்களும் இருக்காங்க. அப்புறம் பத்து ரெகுலர் மேட்ச், ஃபைனல் வரைக்கும் போனா மேல ஆறு, மொத்தம் பதினாறு. பதினேழு வயசுப் பையன் உடம்புக்கு அது ஜாஸ்திங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

இண்டியானால இந்த சண்டையே கிடையாது, எல்லா டீமும் உள்ள. ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத டீமும் ஆடும், பல வருஷமா சீடிங், அதாவது சீசன்ல ஆடினதை வச்சு டீமை வரிசைப்படுத்தி ஜோடி சேக்குறது, இல்லாம குலுக்கல்ல யார் வந்தா அவங்கதான், ரெண்டு பலமான டீம் முதல் வாரமே மோதி ஒண்ணு வீட்டுக்குப் போகும். ஷெட்யூல் பயம் இல்லாமப் போகுதுதான், ஆனா ஒன்பது வாரம் உழைச்சதுக்கு சீடிங்ல கூட மதிப்பு இல்லன்னா எனக்கு மனசு ஒப்பல.

மிச்சம் பாயிண்ட் முறை. ஒஹாயோல ஹார்பின் பாயிண்ட்னு 1972ல இருந்து ஓடுது. நாம தோக்கடிச்ச டீம் எவ்வளவு பெரிய டிவிஷன் (இல்லினாய் கிளாஸ் மாதிரி) அப்படிங்கிறதுக்கு ஒரு பாயிண்ட், அந்த டீம் வேற யாரை எல்லாம் ஜெயிச்சுதுங்கிறதுக்கு இன்னொரு பாயிண்ட். 2021ல ரீஜியனுக்கு (டிவிஷனுக்குள்ள இருக்குற பிரிவு) 16 டீம்னு கதவைத் திறந்து விட்டாங்க, முதல் ரவுண்ட்ல ஒருதலையான மேட்சுங்க நிறைய, 2025ல 12க்கு குறைச்சாங்க. நல்ல முடிவு. ஆனா ஹார்பின்ல தோத்தா சுத்தமா பூஜ்யம், பலமான டீம்கூட ஆடத் துணிஞ்சதுக்கு மரியாதையே இல்ல.

மிச்சிகன் அந்த இடத்தைத்தான் சரியா பிடிச்சுது. அங்கயும் ஆறு ஜெயிச்சா உறுதின்னுதான் இருந்தது, அதை எடுத்துட்டு பாயிண்ட் மட்டும் வச்சு டிவிஷனுக்கு 32 டீம்னு மாத்தினாங்க, தோத்தாலும் எதிர் டீம் எத்தன ஜெயிச்சுதோ அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் பாயிண்ட் வரும். அதே எட்டு டிவிஷன், அதே ஒன்பது மேட்ச், இல்லினாய்க்கு அப்படியே பொருந்துற அளவு.

அதனால என் ஓட்டு மிச்சிகனுக்குத்தான். டெக்சாஸ் தோல்விய கணக்குலயே சேக்காம பயத்தைப் போக்குது, மிச்சிகன் தோல்விக்கும் கொஞ்சம் கூலி குடுத்து போக்குது, ரெண்டாவது வழில கான்ஃபரன்ஸை உடைக்க வேண்டியதில்ல, பக்கத்து ஊர் மேட்ச் அப்படியே இருக்கும். ஆனா சிகாகோ பக்கம் அரைமணி நேரத்துல பத்து ஸ்கூல் இருக்கு, தெற்கு இல்லினாய்ல அப்படி இல்ல, பாயிண்ட் முறை வந்தாலும் அங்க காலி வாரம் தானா நிரம்பாது. அந்த ஸ்கூலுங்களுக்கு மட்டும் ஒரு தேதி வச்சு, அதுக்குள்ள மேட்ச் கிடைக்கலன்னா ஐஎச்எஸ்ஏவே ரெண்டு ஸ்கூலை ஜோடி சேர்த்து விடணும், ஸ்கூலுங்க மாட்டேன்னு சொல்ல முடியாத மாதிரி.