குழாய்க் கர்ப்பமா, சினைப்பை நீர்க்கட்டியா?

கர்ப்பத்தின் ஆறாவது வாரம். ஒரு பக்க அடிவயிற்றில் சுரீரென்று வலி. காரணம் குழாய்க் கர்ப்பமாகவும் (கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் வளர்வது) இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாகவும் இருக்கலாம்.

நீர்க்கட்டி என்றால் பெரும்பாலும் கார்பஸ் லூட்டியம்தான். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகி, புரொஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரந்து கருவைத் தாங்குவது அது, பகையல்ல, துணை. உடைந்தாலோ முறுக்கிக்கொண்டாலோதான் தொல்லை. முறுக்கினால் பெரும்பாலும் வாந்தியும் வரும். குழாய்க் கர்ப்பமோ வளர வளரக் குழாயையே வெடிக்க வைக்கும். தோள்பட்டை வலி, மயக்கம் என்றால் உள்ளே ரத்தம் கசிவதாகச் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்கேனில்தான் குழப்பம். கலர் டாப்ளரில் இரண்டையும் சுற்றி நெருப்பு வளையம் போல ரத்த ஓட்டம் தெரியும். அந்த வளையத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. யோனிவழி ஸ்கேன் கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பதே மேல்: கட்டி சினைப்பையோடு சேர்ந்து நகரும், குழாய்க் கர்ப்பம் பெரும்பாலும் தனியே நழுவும். கருப்பைக்குள்ளேயே கரு தெரிந்தால் ஓரளவு நிம்மதி (ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்தவர்களுக்கு அதுவும் முழு உத்தரவாதமில்லை; கருப்பையில் ஒன்றும் குழாயில் ஒன்றுமாகக் கரு தங்கியிருக்கலாம்). எங்கும் தெரியாவிட்டால் 48 மணி நேர இடைவெளியில் இருமுறை பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்து, அளவு எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

நாடி எகிறி ரத்த அழுத்தம் இறங்கியவருக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. உடைந்தது எதுவானாலும் நேரே ஆபரேஷன் தியேட்டர்தான்.