நாகர்கோவிலில் ஒத்திக்கு வீடு பார்க்கிறீர்களா? அதுவும் கையில் வேலை இல்லாமலா?

வேலை அமையும் முன்பே குடும்பத்தோடு நாகர்கோவிலுக்கு வர நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை வீடு கேட்டு அலைந்து களைத்த நேரத்தில் ஒரு தரகர் வந்து "ஒத்திக்கு நல்ல வீடு இருக்கு" என்று சொல்வார். (ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது அந்தத் தொகை திரும்ப வரவேண்டும்.) அவருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நாங்கள் கொடுத்த ஐந்து லட்சத்தில் இன்றுவரை ஒரு லட்சம்தான் திரும்பி வந்திருக்கிறது. புகார் நடப்பில் இருப்பதால் பெயர் போடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் எதிலும் பெயர் இருக்காது.

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆள் குறைத்தார்கள். மனைவிக்குச் சொந்த ஊர் தக்கலை. மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபிறகு மாமியார் ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் எங்கள் நாலு பேருக்கும் இடமில்லை. நாகர்கோவிலில் இருந்தால் தக்கலைக்குப் பஸ்ஸில் போய் வரலாம், நானும் இங்கேயோ திருவனந்தபுரத்திலோ வேலை தேடலாம் என்று கணக்குப் போட்டோம். 1979இல் ரயில் பாதை வந்த ஊர் இது. இரணியலிலும் குழித்துறையிலும் காலையில் சாப்பாட்டுப் பையோடு ஏறித் திருவனந்தபுரம் போகிறவர்களைப் பார்த்தால் அந்தக் கணக்கு உங்களுக்கும் புரியும்.

"வேலை கிடைச்ச பிறகு வந்திருக்கலாமே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பள்ளிக்கூடம் ஜூனில் திறந்துவிடும். வேலைக்கு அப்படி ஒரு மாதம் கிடையாது. வருஷத்துக்கு நடுவில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் பள்ளியில் என்ன முகம் காட்டுவார்கள் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். முதலில் வீடு, பிறகு வேலை என்று முடிவெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. அந்த நிலையில் வருகிற குடும்பத்தைக் குறிவைத்தே இங்கே ஒரு தொழில் நடக்கிறது, அதுதான் விஷயம்.

வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வி "எந்த ஊரு?". அடுத்தது "என்ன ஜோலி?". சில வீடுகளில் இரண்டுக்கும் முன்னால் "எந்தச் சபை?" என்று, எந்தக் கிறிஸ்தவத் திருச்சபை என்று அர்த்தத்தில், ஒரு கேள்வி வரும், அது தனிக் கதை. "வேலை தேடிக்கிட்டிருக்கேன்" என்று சொன்னதும் முகம் மாறிவிடும். வெட்டூர்ணிமடத்தில் ஒரு அம்மா வீட்டைத் திறந்து சமையலறை, மாடிப்படி எல்லாம் காட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பதிலைக் கேட்டதும் மகள் வெளிநாட்டிலிருந்து வரப்போவதாகச் சொல்லிக் கதவைப் பூட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை. சம்பளச் சீட்டு இல்லாதவன் வாடகை தருவானா என்ற பயம் யாருக்கும் இருக்கும்.

வேலை தேடிய பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக் கட்டணம் என்று 3,500 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு கன்சல்டன்சி, திருவனந்தபுரம் தம்பானூரில் நேர்காணல் என்று அனுப்பிவைத்தது. போனால் இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக் கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். அந்த 3,500 இப்போது நினைத்தால் சில்லறை.

தரகர் அறிமுகமானது வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில். எங்கள் நிலையை முழுக்கக் கேட்டுக்கொண்டார், அனுதாபப்பட்டார், டீக்கும் அவரே காசு கொடுத்தார். அப்புறம் கணக்குக்கு வந்தார். "சாரே, வாடகைன்னா மாசம் ஒம்பதாயிரம். வருசத்துக்கு ஒரு லட்சத்து எட்டாயிரம் போச்சு. ஜோலி கிடைக்கது வரை எங்கேருந்து குடுப்பிய? ஒத்தின்னா அஞ்சு லட்சம், மூணு வருசம், சல்லிக்காசு வாடகை கிடையாது. காலி பண்ணும்போ அஞ்சையும் எண்ணி வாங்கிட்டுப் போலாம். உங்களை மாதிரி ஆளுக்கு ஒத்தியாக்கும் நல்லது." சம்பளம் இல்லாதவனுக்கு மாதம் பிறந்தால் வயிற்றைக் கலக்குவது வாடகைதான். அதையே எடுத்து மாற்றிவிட்டார். ஒத்தியில் 'என்ன ஜோலி?' என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டைச் சென்னைப் பக்கத்தில் லீஸ் என்பார்கள். பிஎஃப் பணத்தோடு மனைவியின் நகையை அடகு வைத்தும் ஐந்து லட்சம் தேற்றினோம்.

பார்வதிபுரம் மேம்பாலம் தாண்டி உள்ளே ஒரு வீடு. நாலரை சென்ட், மேலே ஒரு குடித்தனம், கீழே எங்களுக்கு. தரகர் கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, "நல்ல வெள்ளம், பாருங்க" என்று இரண்டு கை அள்ளிக் குடித்தும் காட்டினார். உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறாராம், அவர் மச்சான் பவர் (அவர் சார்பில் செயல்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்துக்கொண்டு எல்லாம் பார்த்துக்கொள்கிறாராம். மச்சான் ஒரு தடிமனான ஃபைலோடு வந்தார். அதில் முதலில் இருந்தது மலையாளத்தில் எழுதிய மூலப்பத்திரத்தின் நகல். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அதனால் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருப்பது சகஜம். வெளியூர்க்காரனுக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது, ஆனால் அதன் பழமையைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்துவிடும். மாநகராட்சி வீட்டுவரி ரசீது சரியாக இருந்தது. வில்லங்கச் சான்றிதழிலும் ஒரு கடனும் இல்லை.

அந்த வில்லங்கச் சான்றிதழில்தான் வேலையைக் காட்டியிருக்கிறார்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்குத் தேடினார்களோ அந்தக் காலத்துக்குள் பதிவானது மட்டும்தான் சான்றிதழில் வரும். எங்களுக்குக் காட்டியது 2016 வரைக்குமானது. வீட்டை வங்கியில் வைத்துத் தொழில் கடன் வாங்கியது 2018இல். தேதி வரி முதல் பக்கத்தின் மேலேயே இருக்கிறது. மச்சான் அந்தத் தாளை நாலாக மடித்து, பதிவு விவரம் இருக்கிற பகுதி மட்டும் தெரிகிற மாதிரி நீட்டி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினார். "ஒரிஜினல் பத்திரம் எங்கே?" என்று என் மனைவி கேட்டாள். "பேங்க்ல பத்திரமா இருக்குக்கா" என்றார். அந்த ஃபைலைக் காட்டிப் பேசியதில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பதிவு செய்யலாம் என்றோம். உரிமையாளர் ஊரில் இல்லை, முத்திரைத்தீர்வைக்கு வீண் செலவு, இங்கே எல்லோரும் நோட்டரியில்தான் போடுகிறார்கள் என்று தரகரும் மச்சானும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு லட்சத்தை ரொக்கமாகத்தான் தரவேண்டும், கணக்கில் போட்டால் உங்களுக்குத்தான் வருமான வரித் தொல்லை என்றார் மச்சான். அதுவும் தலைகீழ். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடனோ டெபாசிட்டோ வாங்கினால் அபராதம் வாங்கியவருக்கு. மீதி நாலு லட்சம் வங்கி வழியாகப் போனதுதான் பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது. தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டார்.

குடிபோய்ச் சில மாதம் ஆனது. ஒருநாள் காலை பத்து மணிக்கு வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கையில் பசை டப்பா. கேட்டில் நோட்டீஸை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார். இன்னொருவர் செல்போனில் படம் எடுக்க நின்றார். கொடியில் காய்ந்த பாவாடை ஒன்று குறுக்கே பறந்தது, "அதைக் கொஞ்சம் ஒதுக்குங்கம்மா, வீடு முழுசா படத்துல தெரியணும்" என்றார். பிறகு "நீங்க யாரு?" என்று கேட்டார். ஒத்திக்கு இருக்கிறோம் என்றோம். "கீழேயுமா?" என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

மாடியில் இருந்தது குளச்சல் பக்கத்துக் குடும்பம். அவர்களும் நாலு லட்சம் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக்கு ஒரு பைசா போகவில்லை. ஒரே வீட்டைக் காட்டி ஒன்பது லட்சம்.

வக்கீல் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஒத்தி என்பது சட்டப்படி சுவாதீன அடமானம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இந்த மாதிரி அடமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்து, பதிவு செய்தாக வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. சரி, பதிவு செய்திருந்தால் தப்பித்திருப்போமா என்றால் அதுவும் இல்லை. வங்கியின் அடமானம் முந்தியது, ஏலம் போட்டால் முதல் கை அவர்களுடையது. எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி தேதியில் இருந்தது. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தில் வங்கி முதலில் கடன்காரருக்கு 60 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ் அனுப்பும். அது கைக்கு வந்தபிறகு, வங்கி எழுத்தில் சம்மதம் தராமல் அந்தச் சொத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. கேட்டில் ஒட்டிய தாளில் அந்த முதல் நோட்டீஸின் தேதி இருந்தது: ஜனவரி. எங்கள் ஒப்பந்தம் அதே வருஷம் மே மாதம்.

முதலில் போன காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். பணத்தகராறு என்று போனால் அநேகமாக இந்தப் பதில்தான் வரும். பிறகு வக்கீல் எழுதிக் கொடுத்த புகாரில் பணத்தைப் பற்றிய பேச்சு பின்னால் போய், இரண்டு தேதிகளும் முதல் பத்தியில் ஏறின: வங்கி நோட்டீஸ் இருப்பது தெரிந்தே, அதை மறைத்துப் பணம் வாங்கினார்கள், பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின்படி மோசடி. கூடவே வங்கிக் கணக்கு விவரம், மடித்துக் காட்டிய வில்லங்கச் சான்றிதழின் படம் (மனைவி செல்போனில் எடுத்து வைத்திருந்தாள்), மாடி வீட்டாரின் ஒப்பந்த நகல். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்த அதே வாரம் ஒரு லட்சம் எங்கள் கணக்கில் வந்து விழுந்தது. மிச்சத்துக்கு மச்சான் தவணை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாதவர்கள் இதைக் கவனியுங்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. ஒப்பந்தத்தில் மனைவி பெயரும் இருந்ததால் அவள் பெயரில் மனுக் கொடுத்தோம், வக்கீல் கிடைத்தது அப்படித்தான். போனில் கேட்க 15100.

இப்போது தரகர் போட்ட கணக்குக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் பொறி அதற்குள்ளேயே இருக்கிறது. ஐந்து லட்சத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஒருவர் வருஷத்துக்கு 1,08,000 ரூபாய் வாடகையை விடுகிறார் என்றால் 21.6 சதவீத வட்டி கொடுக்கிறார் என்று அர்த்தம். வீட்டை வைத்தால் வங்கியில் அதில் பாதி வட்டிக்குக்கூடக் கடன் கிடைக்கும். அப்படியிருக்க ஏன் இவ்வளவு வட்டிக்கு நம்மிடம் வாங்குகிறார்? வங்கிக் கதவு அவருக்கு ஏற்கெனவே மூடியிருக்கலாம். எல்லா ஒத்தியும் இப்படி என்று சொல்ல மாட்டேன், மகள் கல்யாணத்துக்கு, மருத்துவச் செலவுக்கு என்று நேர்மையாக விடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் வாடகையோடு ஒப்பிட்டால் ஒத்தித் தொகை எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகப்படுங்கள். மலிவு என்று சந்தோஷப்படத்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.

வில்லங்கத்தைத் தரகர் கையிலிருந்து வாங்காதீர்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தையும் சர்வே எண்ணையும் போட்டால் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம், முடிவுத் தேதியாக நீங்கள் பார்க்கிற நாளைப் போடுங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தின் தளத்திலும் சிறு கட்டணத்தில் வீட்டுமேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று தேடலாம். பவர் என்று யாராவது வந்தால் அது பதிவான பவரா, ஒத்திக்கு விட அதில் அதிகாரம் இருக்கிறதா, ரத்தாகாமல் இருக்கிறதா என்று பார்த்து, உரிமையாளரோடு வீடியோவில் ஒருமுறை பேசிவிடுங்கள். எங்களிடம் அவர் பேசவே இல்லை, எப்போது கேட்டாலும் அவருக்கு அங்கே டியூட்டி நேரம்.

வேலை இல்லாமல் வாடகை வீடு கிடைக்காது என்பதும் முழு உண்மை இல்லை. இப்போது நெசவாளர் காலனிப் பக்கம் 8,500 ரூபாய்க்கு இருக்கிறோம். மாமனார் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர். அவருடைய பென்ஷன் புத்தகத்தைக் காட்டி, ஒப்பந்தத்தில் அவரையும் ஜாமீனாகச் சேர்த்ததும் வீட்டுக்காரர் வேறு கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலை கிடைத்தது, சம்பளம் கோயம்புத்தூரை விடக் குறைவு.

அந்தத் தரகர் போன வாரம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ராமன்புதூர் பக்கம் ஒரு வீட்டைப் போட்டிருந்தார்: இரண்டு படுக்கையறை, ஒத்தி ஆறு லட்சம், வெளியூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. அது யார் வீடு, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் யாராவது பார்க்கப் போனால் சர்வே எண்ணை மட்டும் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். வில்லங்கம் எடுக்கத் தெரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். பார்வதிபுரத்தில் இதே மாதிரி பவர் வைத்திருந்த மச்சானிடம் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் இருந்தால் ஒப்பந்த நகலோடு தொடர்பு கொள்ளுங்கள், மாடி வீட்டாரும் நாங்களும் கொடுத்திருக்கும் புகாரோடு உங்களுடையதையும் சேர்க்கலாம் என்று வக்கீல் சொல்கிறார்.