சீன எழுத்து: மரபு வடிவமா, எளிய வடிவமா?

சீனம் படிக்க உட்காரும் எவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது இது. தைவான், ஹாங்காங், மக்காவில் மரபு வடிவம். சீனாவில் 1956-இல் தொடங்கிய சீர்திருத்தம் தந்த எளிய வடிவம். சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னால் அதையே எடுத்துக்கொண்டன. போகப்போகும் ஊர் முடிவாகிவிட்டால் அந்த ஊர் வடிவத்தையே படியுங்கள், பேச்சே இல்லை. எழுத்துகள் எப்படிப் பிறந்தன என்ற ஆசையில் வந்த எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மரபு வடிவத்தை எடுத்தேன்.

எழுத்தில் படம் தெரியும் என்பதற்காகவா? ஓரளவுதான். சீனாவின் அன்யாங்கில் கிடைத்த, குறி கேட்க எழுத்துப் பொறித்த 3,200 ஆண்டுப் பழைய எலும்புகளில் குதிரை எழுத்துக்குப் பிடரி, கண், வால் எல்லாம் உண்டு. மரபு வடிவத்தின் 10 கோடுகளில் பிடரியையும் கால்களையும் இன்னும் காட்டலாம்; எளிய வடிவத்தின் 3 கோடுகளில் முடியாது. ஆனால் மேகத்தில் கதை தலைகீழ். ஆதியில் வெறும் மேகம்தான் வரைந்தார்கள். அந்த எழுத்தை 'சொல்லுதல்' என்ற பொருளுக்குக் கடன் வாங்கியதால், மேகத்தைத் தனியே காட்ட மேலே மழையைச் சேர்த்தார்கள். எளிய வடிவம் மழையை எடுத்துவிட்டது, அதுதான் பழையது!

என் முடிவுக்குக் காரணம் ஒலிக் குறிப்பு. கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதியின் 9,353 எழுத்துகளிலேயே நேரடிப் படங்கள் சில நூறுதான். மிகுதியானவற்றில் ஒரு பாதி பொருளைச் சொல்லும், மறு பாதி உச்சரிப்பைச் சொல்லும். கோழியைப் பாருங்கள். உச்சரிப்பு 'ஜி'. மரபு வடிவத்தில் இடப்பக்கம் 'ஷி' என்று ஒலிக்கும் உறுப்பு, வலப்பக்கம் பறவை. எளிய வடிவத்தில் பறவை இருக்கிறது. இடப்பக்கம் இரண்டே கோட்டில் ஒரு வலது கை. கோழியில் கைக்கு என்ன வேலை? அதே கை 'ஹான்' இனத்தின் பெயரிலும், 'கடினம்' என்ற பொருளில் 'நான்' என்று ஒலிக்கும் எழுத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மரபில் அவை இரண்டுக்கும் பொதுவான ஓர் உறுப்பு, 'ஆன்' என்ற ஒலியை நினைவூட்டும். 'குவான்', 'ஹுவான்', 'சுவான்' என்று எதுகையாய் ஒலிக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் தனி உறுப்பு இருந்தது. அங்கேயும் இப்போது அதே கை. எழுதக் கோடு குறைந்தது உண்மை, மனப்பாடம் கூடிவிட்டது. மறந்துபோன எழுத்தை ஒலியைப் பிடித்து மீட்க மரபில் வழி இருக்கிறது.

எல்லாம் இப்படிக் கெட்டுவிடவில்லை. 'ஜோங்' என்ற மணிக்கு மரபில் இருப்பது 'தோங்' உறுப்பு. எளிய வடிவம் சரியாக 'ஜோங்' என்றே ஒலிக்கும் உறுப்பை வைத்தது, நல்ல மாற்றம். எளிய வடிவங்களில் பல, மக்கள் காலங்காலமாக வேகமாக எழுதிய கையெழுத்திலிருந்து வந்தவையும்கூட.

நான் கைப்பேசியில் உச்சரிப்பைத் தட்டி எழுதுகிறவன். நாள் முழுக்கக் கையால் குறிப்பெடுப்பவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பின்னால் வடிவம் மாறுவதும் மரபிலிருந்து வருகிறவருக்கே சுலபம் என்று படுகிறது. மாவுக்கும் நூடுல்ஸுக்கும் மரபில் தனி எழுத்து உண்டு; எளிய வடிவத்தில் அதற்கும் 'முகம்' என்ற எழுத்தையே போட்டுவிடுகிறார்கள். இரண்டு தெரிந்தவர் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வார். ஒன்று மட்டும் தெரிந்தவர், எந்த இடத்தில் எதைப் பிரிப்பது என்று புதிதாகப் படிக்க வேண்டும்.